யார் வீட்டு வம்சாவளி?

காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்தில் கிடைத்த பல்லவர் செப்பேடு, கடவுள் வாழ்த்து முடிந்த கையோடு ஒரு வம்சாவளியை அவிழ்க்கிறது. நான்முகனில் ஆரம்பித்து ஆங்கிரஸ், பிருகஸ்பதி, சம்யு, பரத்துவாசர், துரோணர், அசுவத்தாமன் என்று இறங்கி, பல்லவன் என்றொரு மூதாதையிடம் வந்து நிற்கிறது. சரித்திரம் ஒப்புக்கொள்ளும் பெயர்கள் அதன்பிறகுதான் வருகின்றன: வாதாபியை அழித்த நரசிம்மவர்மன், அவன் மகன் மகேந்திரவர்மன், பேரன் பரமேசுவரவர்மன். ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதப்பட்ட இந்த ஏடு, கோயிலுக்கு விட்ட ஓர் ஊரை 25 பங்காகப் பிரித்து யார் யாருக்கு எவ்வளவு என்றும் சொல்கிறது. 20 பங்கு, நான்மறை கற்ற இருபது பேருக்கு. 3 பங்கு கோயில் பூசைக்கும் பழுதுபார்ப்புக்கும். மண்டபத்தில் தண்ணீரும் தீயும் வைக்க ஒன்று, பாரதம் படிக்க ஒன்று.

பாலாற்றிலிருந்து கூரத்து ஏரிக்கு வெட்டிய கால்வாய்க்கும் அதில் பெயர் உண்டு: பெரும்பிடுகு. வெட்டியவர்களுக்குப் பெயர் இல்லை.

குடும்ப வரலாறு தேடும் நிகழ்ச்சிகளை உரசிப் பார்க்க இந்தச் செப்பேட்டைவிட நல்ல உரைகல் கிடைக்காது. மேற்கு நாடுகளில் மாவட்ட அளவிலான ஆவணக் காப்பகங்கள் பொதுமக்களை அழைத்து, தேவாலயப் பதிவேட்டிலும் பழைய குடிக்கணக்கிலும் பாட்டன் பெயரைத் தேடச் சொல்லிக்கொடுப்பது பழகிப்போன காரியம். தமிழ்நாட்டில் அதற்கு நேரான ஒன்று இன்னும் வேர்பிடிக்கவில்லை. அதன் ஒன்றுவிட்ட உறவுகள்தான் இங்கே உண்டு: கல்வெட்டு வாசிப்பு வகுப்பு, மரபு நடை, அயலகத் தமிழ் இளைஞர்களுக்காக மாநில அரசு 2023-ல் தொடங்கிய ‘வேர்களைத் தேடி’ பண்பாட்டுப் பயணம். இவற்றின் பயன் என்ன, பழுது என்ன என்று பார்க்க வேண்டிய நேரம் இது. ஆர்வம் வளர்கிறது, அதைவிட வேகமாக வளர்கிறது ஆயத்த வம்சப் பெருமை.

முதலில் பயன். தென்னாப்பிரிக்கத் தமிழரைப் பாருங்கள். 1860 நவம்பர் 16-ல் ‘ட்ரூரோ’ கப்பல் சென்னையிலிருந்து டர்பனில் கரைசேர்ந்தது. அதுமுதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குப் போனவர்கள் 1,52,184 பேர். பெரும்பாலோர் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். காஞ்சி வட்டாரத்தை உள்ளடக்கிய செங்கல்பட்டு ஜில்லாவும் அவர்களைக் கணிசமாக அனுப்பியது. கப்பல் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாணா, கிராமம், உடலில் உள்ள மச்சம், தழும்பு. ஆளை அடையாளம் காணத் தோட்ட முதலாளிக்காக எழுதிய கணக்கு அது. ஆனால் நான்காம் தலைமுறைப் பேத்தி டர்பனில் உட்கார்ந்து அந்தப் பட்டியலில் ஒரு கிராமத்தின் பெயரைக் கண்டுபிடிக்கும்போது, அடக்கி ஆளப் பிறந்த கணக்கு உறவுச்சீட்டாகிவிடுகிறது. மொரீசியசில் மகாத்மா காந்தி நிறுவனம் காக்கும் குடியேற்றப் பதிவேடுகளும் இப்படித்தான். அங்கே பலருக்குப் புகைப்படமும் இருக்கிறது.

கவனிக்க வேண்டியது ஒன்று. இந்த வெற்றி, தேடுபவரின் பாசத்தால் மட்டும் வந்ததல்ல. பட்டியலைப் படியெடுத்து, அகரவரிசையாக்கி, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று திறந்துவைத்த உழைப்பால் வந்தது. அந்தப் பட்டியலை வாசிக்கவும் பயிற்சி வேண்டும். கோவெண்டர், நாயுடு, பிள்ளை, மூட்லி, படையாச்சி என்று இன்று அங்கே குடும்பப் பெயராக வழங்குபவை பல, இங்கே சாதிப் பட்டங்களாக இருந்தவை. கப்பல் ஏறும்போது பட்டத்தைச் சற்று உயர்த்திச் சொல்லிக்கொண்டவர்களும் உண்டு, எழுத்தர் காதில் விழுந்ததை எழுதியதும் உண்டு. மூட்லி என்ற பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு காஞ்சியில் முதலியார் வீட்டுக் கதவைத் தட்டினால் தவறான வீட்டில் விருந்து சாப்பிட நேரலாம்.

தமிழருக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்பதை வெளிநாட்டு வம்சாவளி மென்பொருள்கள் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. தகப்பன் பெயரின் முதலெழுத்தே இங்கே தலைப்பெழுத்து. அது தலைமுறைக்குத் தலைமுறை மாறும். பேரனுக்குப் பாட்டன் பெயர் வைப்பது வழக்கம் என்பதால் கந்தசாமி மகன் பொன்னுசாமி, பொன்னுசாமி மகன் கந்தசாமி என்று இரண்டு பெயர்களே நூறாண்டு மாறிமாறி வரும். இரண்டு கந்தசாமிகளை ஒருவராக்கி ஒரு தலைமுறையை விழுங்கிவிடும் மரங்கள் இணையத்தில் ஏராளம். நம்மவர்கள் அடையாளம் கண்டது வேறு வழியில்: குலதெய்வம், கோத்திரம், வகையறா, பங்காளி. கோயில் வரி கொடுக்கும் பட்டியலில் பெயர் இருப்பவரே பங்காளி. வெளிநாட்டுப் பாடத்திட்டத்தை அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்து நடத்தும் வகுப்பு, முதல் நாளே இந்த முட்டில் வந்து நிற்கும்.

அதனால் தமிழ்நாட்டில் வகுப்பு எங்கிருந்து தொடங்க வேண்டும்? பத்திரத்திலிருந்து.

ஒரு பழைய கிரயப் பத்திரத்தை எடுத்துக்கொள்வோம். ‘இன்னார் குமாரர் இன்னார்’ என்று எழுதிக்கொடுப்பவர், எழுதி வாங்குபவர் இருவருக்கும் தகப்பன் பெயர், ஊர் பெயர். சொத்து எப்படி வந்தது என்ற விவரத்தில் பாகப்பிரிவினை, தானம், கடன் என்று குடும்பக் கதை முழுதும் இருக்கும். நான்கெல்லை சொல்லும் இடத்தில் நான்கு அண்டைக் குடும்பங்கள் நிற்கும். கீழே சாட்சிகள், பத்திரம் எழுதியவர் பெயர். கைரேகை வைத்தவர் யார், கையெழுத்திட்டவர் யார் என்று பார்த்தால் அந்தத் தெருவில் படிப்பு எந்த வீட்டில் நுழைந்திருந்தது என்பதும் தெரியும். இதனோடு கிராம நிலங்களின் விவரம் சொல்லும் ‘அ’ பதிவேட்டையும், குறிப்பாக 1979-க்கும் 1987-க்கும் இடையில் நிலப் பதிவுகளைப் புதுப்பித்த யூ.டி.ஆர். திருத்தத்துக்கு முந்தைய பதிவேட்டையும் வைத்துப் பார்க்கத் தெரிந்தவருக்கு, மூன்று தலைமுறை கண்முன் வந்துவிடும். சோழர் காலக் கல்வெட்டைப் படிக்கச் சொல்லிக்கொடுக்கும் உற்சாகத்தில் பாதியாவது இதற்குச் செலவிட்டால், கலந்துகொள்பவர் வீட்டுக்குப் போய்த் தானே தொடர முடியும்.

ஆனால் அதே பத்திரத்தில்தான் பழுதும் இருக்கிறது. எல்லை சொல்லும்போது ‘சேரிக்குப் போகும் பாதை’ என்று வரும்; சேரியில் இருந்தவர் பெயர் வராது. நிலம் இருந்தவருக்கு வம்சம் இருக்கிறது, இல்லாதவருக்கு நினைவு மட்டும். கூரத்துச் செப்பேட்டின் கணக்கு ஆயிரம் ஆண்டு தாண்டியும் மாறவில்லை. பெண்களின் நிலையும் இதுதான். மகளுக்கும் கூட்டுக்குடும்பச் சொத்தில் பங்கு என்று தமிழ்நாடு 1989-ல் சட்டம் கொண்டுவந்த பிறகே பத்திரங்களில் மகள்கள் பெயர் தவறாமல் இடம்பெறத் தொடங்கியது. கையெழுத்து தேவைப்பட்டதால் பெயர் வந்தது. காஞ்சி நெசவாளர் வீடுகளில் பட்டுக் கூட்டுறவுச் சங்கப் புத்தகத்தில் உறுப்பினர் பெயர் ஒன்றே இருக்கும். தார் சுற்றிய மனைவியும், கோர்வைக்குக் கைகொடுத்த பிள்ளையும் கூலிக் கணக்கில் இல்லை.

வம்சாவளி எப்போது எழுதப்படுகிறது என்பதையும் இந்த நிகழ்ச்சிகள் சொல்லித்தர வேண்டும். உரிமை கேட்கும்போதுதான் அது எழுதப்படுகிறது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காலின் மெக்கன்சி ஊர் ஊராகத் திரட்டிய கைபீதுகள் என்ற ஊர் வரலாறுகளும், பின்னாளில் ‘பாளையப்பட்டுகளின் வம்சாவளி’ என்று அச்சேறியவையும், கம்பெனி அரசு யாருக்கு எந்த உரிமை என்று துருவிக்கொண்டிருந்த காலத்தில் சொல்லப்பட்டவை. அவற்றில் முப்பாட்டன் புலியைக் கொன்றதும் ராஜா பட்டம் கொடுத்ததும் தவறாமல் வரும். கோயில் உலகிலும் அதே. கூரத்தில் பிறந்த கூரத்தாழ்வானின் வழிவந்த பட்டர் குடும்பம் ஸ்ரீரங்கத்தில் இன்றும் நினைக்கப்படுவதற்கு, குருபரம்பரையோடு தீர்த்தமும் மரியாதையும் பிணைந்திருப்பதும் ஒரு காரணம். மரியாதை நிற்கும்வரை பரம்பரை மறக்கப்படாது.

எப்போது, எதற்காக எழுதப்பட்டது என்ற கேள்வியைக் கேட்காமல் வம்சம் தேடுபவருக்கு நேரக்கூடியதற்கு அமெரிக்காவின் அலெக்ஸ் ஹேலி சாட்சி. 1976-ல் வெளியான அவருடைய ‘ரூட்ஸ்’ உலகெங்கும் வேர் தேடும் அலையைக் கிளப்பியது. காம்பியாவின் ஜுஃபுரே கிராமத்தில் ஒரு கதைசொல்லி, ஹேலி தேடிவந்த மூதாதையின் பெயரையே சொன்னார். பிறகு ஆவணங்களைச் சரிபார்த்தவர்கள் அந்தச் சங்கிலியின் கண்ணிகள் பொருந்தவில்லை என்று காட்டினார்கள். தேடி வந்தவர் எதைக் கேட்க விரும்புகிறார் என்பது ஊருக்கு முன்பே தெரிந்திருந்தது. நம்மூரில் சாதி மாநாட்டு மலர்களில் வரும் ‘ஆண்ட பரம்பரை’ கட்டுரைகள் இந்த ரகம்தான். ஹேலிக்கு இருந்த கைத்திறன் மட்டும் அவற்றில் இல்லை. ஆவணக் காப்பகத்தின் பெயரில் நடக்கும் நிகழ்ச்சி இந்த மலர்களுக்கு முத்திரை குத்திக் கொடுக்கும் இடமாகிவிட்டால், நடத்தாமல் இருப்பதே மேல்.

இவ்வளவு ஆபத்து இருந்தும் ஏன் நடத்த வேண்டும்? இதற்குச் செங்கல்பட்டு மாவட்டமே பதில் சொல்கிறது. 1891-ல் அங்கே ஆட்சியர் பொறுப்பில் இருந்த டிரமன்ஹீர், தாழ்த்தப்பட்ட மக்களின் நிலமின்மை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். அதைத் தொடர்ந்து 1892-ல் பிறந்த அரசாணையால் வந்தவைதான் பஞ்சமி நிலங்கள். பிறருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு கொடுக்கப்பட்டவை. அந்த நிலங்களில் பெரும்பகுதி கைமாறிப்போனது. மீட்புக்காகப் போராடியவர்கள் மீது 1994 அக்டோபரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தனர். அந்தப் போராட்டத்துக்குக் காரணமான காரணை இதே மாவட்டத்து ஊர். பழைய பதிவேட்டில் தன் கொள்ளுப்பாட்டன் பெயரைக் கண்டுபிடிக்க முடிந்தவருக்கு இத்தகைய நில வழக்கில் நிற்க வலுவான இடம் உண்டு. அவருக்கு வம்சாவளி ஓய்வுநேரப் பொழுதுபோக்காக இருக்க முடியாது. அதைத் தேடத் தெரியாததால் இழந்த நிலமும் உண்டு.

ஆவணம் எங்கே இருக்கிறது என்பது அடுத்த சிக்கல். கூரத்தில் கிடைத்த நடராசர் சிலை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில். மாகாண ஆவணங்கள் எழும்பூரில், 1909 முதல் இயங்கும் சிவப்புக் கட்டடத்தில். 1767-ல் தொடங்கித் தாமஸ் பார்னார்டு செங்கல்பட்டு ஜாகீரை ஊர் ஊராக அளந்த காலத்து ஓலைக் கணக்குகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில். அவற்றிலிருந்து திருப்போரூர், வடக்குப்பட்டு இரண்டு ஊர்க் கணக்குகள் 2001-ல் தமிழிலேயே அச்சாகின. எந்தத் தொழிலாளிக்கு எவ்வளவு நெல் பங்கு என்பது முதல் அதில் இருக்கிறது. நூற்றுக்கணக்கான ஊர்கள் பாக்கி. ஊரில் பிறந்த எதுவும் ஊரில் இல்லாதபோது, எழும்பூரில் குளிரூட்டிய அரங்கில் நடக்கும் பயிலரங்குக்குக் கூரத்துக்காரர் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வருவார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. வருபவர்கள் ஓய்வுபெற்ற அதிகாரிகளும் ஆய்வு மாணவர்களுமாக இருப்பதில் வியப்பில்லை.

மாற்று வழி இங்கேயே முளைத்திருக்கிறது. ராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணி அரசு மேல்நிலைப் பள்ளியின் தொன்மைப் பாதுகாப்பு மன்றம், மாணவர்களைக் கல்வெட்டு படிக்கவும் தம் ஊர்ச் சான்றுகளைத் தேடவும் பழக்கியது. பள்ளிப் பிள்ளைக்குக் கல்வெட்டு எழுத்து பிடிபடுமென்றால் பட்டாவும் பிடிபடும். ‘வேர்களைத் தேடி’ பயணத்தில் வரும் அயலக இளைஞர்களைக் கோபுரம் காட்டிப் படம் எடுத்து அனுப்புவதோடு நிறுத்தாமல், அவர்கள் முன்னோர் புறப்பட்ட மாவட்டத்தில் இப்படி ஒரு பள்ளி மன்றத்தோடு இரண்டு நாள் உட்காரவைத்தால், கப்பல் பட்டியலும் கிராமப் பதிவேடும் ஒரே மேசைக்கு வரும். ஆவணக் காப்பகம் நகல்களோடு ஊருக்கு வர வேண்டும். வகுப்பில் முதல் கேள்வி, இதை எழுதியவர் யார், யாருக்காக எழுதினார் என்பதாக இருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாத நிகழ்ச்சி, மலர்மாலையும் பொன்னாடையும் சேர்ந்த இன்னொரு விழா.

அதுவரை வாசகர்கள் செய்யக்கூடியது உண்டு. வீட்டுப் பீரோவில் உள்ள பழைய பத்திரத்தைப் பாதுகாப்பதாக நினைத்து லேமினேட் செய்துவிடாதீர்கள். பிரித்தெடுக்க முடியாமல் காகிதம் கெட்டுப்போகும். காற்றுப் படும்படி மடிப்பைப் பிரித்துவைத்து, நான்கெல்லையையும் சாட்சிகளின் பெயர்களையும் ஒரு நோட்டில் படியெடுங்கள். அதே நோட்டில் பாட்டிகள் பிறந்த ஊரையும் அவர்களுடைய தாயார் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பெயர்கள் எந்த ஆவணக் காப்பகத்திலும் கிடைக்கப்போவதில்லை.