ஊசி மறைத்துவைக்கும் கட்டி

முழங்காலுக்குச் சற்று மேலே, தொடை எலும்பின் முனையில், எக்ஸ்ரேயில் ஒரு கரும்பள்ளம். அதன் சுவர் முட்டை ஓடுபோல மெலிந்திருக்கும். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் வரும் ராட்சத செல் கட்டி இப்படித்தான் தெரியும். பொதுவாக இது புற்றுநோய் அல்ல. ஆனாலும் எலும்பைத் தின்றுவிடும். மூட்டைக் காப்பாற்ற, கட்டியைச் சுரண்டி எடுத்துக் குழியில் எலும்பு சிமென்ட் நிரப்புவதே நெடுநாள் வழக்கம்.

2013-இல் டெனோசுமாப் ஊசியை இந்த நோய்க்கும் பயன்படுத்த அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. அனுமதித்தது. எலும்பைத் தின்பவை ராட்சத செல்கள்தான். ஆனால் அவற்றை ஏவிவிடுபவை அருகிலிருக்கும் சிறிய செல்கள். உண்மையான கட்டி அவையே. ஏவுவதற்கு உதவும் ரேங்க்-எல் என்ற புரதத்தை ஊசி தடுக்கிறது. ராட்சத செல்கள் மறைகின்றன, வலி தணிகிறது, கரும்பள்ளத்தின் ஓரத்தில் புது எலும்பு வெள்ளையாகப் படிகிறது. முதுகெலும்பு போல, அறுவை செய்தால் பெரும் ஊனம் நேரக்கூடிய இடங்களில் இதற்கு நிகரான மருந்து முன்பு இருந்ததில்லை.

சிக்கல், சுரண்டக்கூடிய கட்டிக்கும் முன்கூட்டியே இதைப் போடும்போது தொடங்குகிறது. சிறிய செல்கள் சாவதில்லை. புது எலும்புக்குள் பதுங்கிவிடுகின்றன. ஊசி போடாத கட்டி செம்பழுப்பாக, மெத்தென்று கரண்டியோடு வந்துவிடும். ஊசிக்குப் பிறகோ நறநறவென்று கெட்டிப்பட்டு, கட்டி எங்கே முடிகிறது என்றே கைக்குத் தெரியாது. இத்தாலியின் போலோன்யாவிலிருந்து 2018-இல் வந்த ஆய்வில், ஊசிக்குப் பின் சுரண்டியவர்களில் 60 சதவீதத்தினருக்கும், வெறுமனே சுரண்டியவர்களில் 16 சதவீதத்தினருக்கும் கட்டி திரும்ப வந்தது. சிகிச்சைக்குக் கடினமான கட்டிகளுக்கே ஊசி போட்டிருக்கலாம் என்ற மறுப்பு நியாயமானது. ஆனாலும் செல்கள் பதுங்கும் விதத்தைப் பார்த்தால், வேறுபாடு முழுவதையும் அதன் தலையில் கட்டிவிட முடியாது.

ஊசியை நிறுத்தினால் கட்டி மீண்டும் வளரலாம். ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் தாடை எலும்பு செத்துப்போகும் அபாயம் கூடுகிறது.

இன்னொன்று: பாராதைராய்டு சுரப்பி மிகையாகச் சுரப்பதால் எலும்பில் உண்டாகும் பழுப்புக் கட்டி, நுண்ணோக்கியில் அச்சு அசலாக இதைப்போலவே இருக்கும். கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன் அளவுகளை இரத்தத்தில் பார்க்காமல் ஊசியையோ கத்தியையோ எடுப்பது தவறு.

சுரண்டும் முன் இந்த ஊசி என்று மருத்துவர் சொன்னால், “ஊசி இல்லாமலே சுரண்ட முடியாதா?” என்று தயங்காமல் கேளுங்கள்.