கட்டடக்கலையிற் புதுமை: ஒரு விமர்சன நோக்கு

கலையில் உருவம், உள்ளடக்கம் என்பன பற்றிய விவாதம் எம்மிடையே பெரும்பாலும் இலக்கியத்தை மையமாகக் கொண்டே நிகழ்ந்து வந்துள்ளது. கவிதையிலோ சிறுகதையிலோ புதியதோர் உருவம் தோன்றும்போது, அஃது எத்தகைய வாழ்க்கையிலிருந்து பிறந்தது, யாருக்குப் பயன்படுகின்றது என்ற வினாக்களை எழுப்புவதற்கு நாம் பழகியுள்ளோம். ஆனால், கட்டடம் என்று வந்துவிட்டால் எமது விமர்சன உணர்வு உறங்கிவிடுகின்றது. வழக்கத்துக்கு மாறான கட்டடமொன்றின் புகைப்படத்தைக் கண்டால் வியக்கின்றோம். அல்லது பணம் படைத்தவரின் விளையாட்டு என ஒதுக்கிவிடுகின்றோம். நாவலொன்றை அதன் அட்டையைக் கொண்டு மதிப்பிடத் துணியாத நாம், கட்டடத்தை மட்டும் அதன் முகப்பைக் கொண்டு மதிப்பிட ஒருப்படுவது விந்தையே. விரும்பாத கவிதையை வாசிக்காது விட்டுவிடலாம். விரும்பாத வீட்டில் வாழாது விடுவது பெரும்பாலானோருக்கு இயலாத காரியம். ஆகவே இத்துறையில் விமர்சனத்தின் தேவை குறைந்ததன்று, கூடியதேயாகும்.

இங்கு குறிப்பிடப்படும் கட்டடங்களுள் எதனையும் இக்கட்டுரையாளன் நேரிற் கண்டவனல்லன். வரைபடங்கள், புகைப்படங்கள், எழுத்துக்கள் ஆகியவற்றின் வாயிலாகவே அவற்றை அறிந்துள்ளான். இது பெருங்குறை என்பதில் ஐயமில்லை. ஆயினும் அக்குறையே ஒன்றைக் கற்பித்தது. புகழ்பெற்ற புதுமைக் கட்டடங்களின் படங்களுட் பெரும்பாலானவற்றில் மனிதர் இல்லை. கட்டி முடிந்து, மக்கள் குடிபுகுமுன், அல்லது வேண்டுமென்றே அவர்களை விலக்கிவைத்து எடுக்கப்பட்ட படங்கள் அவை. உலர்த்தப் போட்ட துணி இல்லை. சுவரிற் கீறல் இல்லை. பின்னர் கட்டிச் சேர்த்த தாழ்வாரம் இல்லை. கட்டடத்தின் புதுமை அந்த ஒரு கணத்திலேயே முடிந்துபோவதாக அப்படங்கள் எமக்குச் சொல்லாமற் சொல்கின்றன. முப்பது நாற்பது ஆண்டுகள் கழிந்த பின் அதே கட்டடம் என்ன ஆயிற்று என வினவினால், அதன் புதுமை பற்றிய எமது மதிப்பீடு பெரிதும் மாறிவிடுகின்றது.

இவ்வகையில் ஆராய்வதற்கு மிகப் பொருத்தமானது ரோக்கியோ நகரின் கின்சாப் பகுதியில் 1972 ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட நக்ககின் கப்சூல் கோபுரம். இதனை வடிவமைத்தவர் கிஷோ குரொக்காவா. போரில் எரிந்து அழிந்த நகரங்களை மீளக் கட்டியெழுப்பிக்கொண்டிருந்த யப்பானில், 1960 ஆம் ஆண்டு ரோக்கியோவில் நடைபெற்ற உலக வடிவமைப்பு மாநாட்டையொட்டி, இளங்கட்டடக்கலைஞர் சிலர் தம்மை 'அனுசேபவாதிகள்' எனப் பிரகடனஞ் செய்துகொண்டனர். குரொக்காவா, கிகுத்தாக்கே, மக்கி, விமர்சகரான கவாசோயே ஆகியோர் இக்குழுவினர். உயிருடலிற் பழைய கலங்கள் அழியப் புதிய கலங்கள் தோன்றுவதைப் போன்று, கட்டடமும் நகரமும் தம்மைத் தாமே புதுப்பித்துக்கொள்ள வேண்டும் என்பது இவர்களின் கோட்பாடு. இயற்கை விஞ்ஞானத்திலிருந்து ஓர் உருவகத்தை எடுத்துச் சமுதாயத்தின் மேல் ஏற்றிப் பார்க்கும் போக்கு எமக்குப் புதியதன்று. அதன் கவர்ச்சியையும் அபாயத்தையும் இலக்கிய உலகிலும் கண்டிருக்கின்றோம்.

கோபுரத்தின் அமைப்பு எளிமையானது. பதினொன்றும் பதின்மூன்றும் மாடிகள் உயர்ந்த இரண்டு கொங்கிறீற்றுத் தண்டுகள். அவற்றுள் படிகளும் மின்னுயர்த்திகளும். தண்டுகளின் புறத்தே, தொழிற்சாலையிற் செய்து லொறிகளிற் கொண்டுவரப்பட்ட 140 உருக்குச் சிற்றறைகள், ஒவ்வொன்றும் நான்கு திருகாணிகளால் மட்டும் பொருத்தப்பட்டிருந்தன. ஒரு சிற்றறையின் பரப்பு ஏறத்தாழ 10 சதுர மீற்றர். கட்டில், மடக்கு மேசை, தொலைக்காட்சி, ஒலிப்பதிவுக் கருவி, விமானத்தில் உள்ளதைப் போன்ற குளியலறை, 1.3 மீற்றர் விட்டமுடைய வட்டச் சாளரம் ஒன்று. சமையலறை இல்லை. இந்த இன்மையை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். சமைக்க வேண்டியிராத, குழந்தை வளர்க்க வேண்டியிராத, புறநகரில் ஒரு வீடும் அவ்வீட்டிற் சமைப்பதற்கு ஒரு மனைவியும் உடைய அலுவலக ஆணே இச்சிற்றறையின் கற்பனைக் குடியாளன். மனிதகுலத்தின் எதிர்கால வாழ்வு என்று அறிவிக்கப்பட்டது, உண்மையில் ஒரு குறிப்பிட்ட வர்க்கத்து ஆணின் வாரநாட் சயன அறையாகவே இருந்தது.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கொரு முறை சிற்றறைகளைக் கழற்றிப் புதியன பொருத்த வேண்டும் என்பது குரொக்காவாவின் எண்ணம். அவ்வாறாயின் முதலாவது மாற்றம் 1997 அளவில் நிகழ்ந்திருத்தல் வேண்டும். அது நிகழவில்லை, ஒரு சிற்றறைதானும் ஒருபோதும் மாற்றப்படவில்லை. கூரை ஒழுகியது, உருக்குத் துருப்பிடித்தது, உடலுக்குத் தீங்கு விளைவிக்கும் அஸ்பெஸ்ரஸ் உள்ளே இருந்தமை தெரியவந்தது, 2010 ஆம் ஆண்டில் வெந்நீர் வழங்கலும் நின்றுபோயிற்று. 2007 இல் உரிமையாளர் சங்கம் கட்டடத்தை இடித்துவிட வாக்களித்தது. சிற்றறைகளை மட்டும் புதிதாக்கிக் கோபுரத்தைக் காப்பாற்றலாம் என்று வாதாடிய குரொக்காவா அதே ஆண்டு ஒற்றோபரில் மறைந்தார். கோபுரம் மேலும் பல ஆண்டுகள் இழுபட்டு நின்று, 2022 ஏப்ரிலில் இடிக்கத் தொடங்கப்பட்டது.

தோல்விக்குக் காரணம் யாது? தொழில்நுட்பக் காரணம் ஒன்று உண்டு. சிற்றறைகள் மிக நெருக்கமாக அடுக்கப்பட்டிருந்தமையால், கீழுள்ள ஒன்றைக் கழற்றுவதாயின் மேலுள்ளவற்றையும் கழற்ற வேண்டியிருந்தது. ஆனால் இதைவிட ஆழமான காரணம் உடைமை உறவுகளிலேயே இருந்தது என்பது எமது கருத்து. சிற்றறைகள் தனித்தனியே விற்கப்பட்டன. நூற்றுக்கு மேற்பட்ட தனிச் சொத்துக்களின் உடைமையாளர் ஒரே நேரத்திற் பணம் செலுத்த உடன்பட்டாலன்றிக் கட்டடம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளாது. கின்சாவின் நிலமோ உலகிலேயே விலைமிக்க நிலங்களுள் ஒன்று. பழைய சிற்றறையைப் புதிதாக்குவதிலும் பார்க்க, முழுவதையும் தரைமட்டமாக்கிப் பெரியதொன்றைக் கட்டுவதே அந்நிலத்துக்கு இலாபம். உயிர்க்கலங்களுக்கிடையே நிலவிலை இல்லை. உருவகம் மறைத்துவிட்ட உண்மை இது.

அனுசேபவாதிகள் தம் முன்னோடியாகச் சுட்டியது இசே என்னுமிடத்துச் ஷின்ரோ ஆலயத்தை. இருபது ஆண்டுகளுக்கொரு முறை பக்கத்து நிலத்தில் அதே வடிவிற் புதிய ஆலயம் எழுப்பிப் பழையதைக் கலைத்துவிடுவது அங்குள்ள மரபு. இறுதியாக 2013 இல் இது நிகழ்ந்தது. இக்குழுவினருக்கு ஆசிரியர் நிலையில் இருந்த கென்சோ தங்கேயும் மேற்குறித்த கவாசோயேயும் இவ்வாலயம் பற்றி ஒரு நூலே எழுதியுள்ளனர். ஆயினும் இசேயிலிருந்து அவர்கள் எடுத்துக்கொண்டது அதன் உருவப் பண்பை மட்டுமே. அதனைச் சாத்தியமாக்குவது எது? தலைமுறை தலைமுறையாகத் தொழில் பயிலும் தச்சர், வெட்டவேண்டிய மரத்தை வளர்க்கும் காடு, செலவை ஏற்கும் நிறுவனம், அதனைக் கடமையெனக் கருதும் சமுதாயம். பதினைந்தாம் பதினாறாம் நூற்றாண்டுகளின் உள்நாட்டுப் போர்க்காலத்தில் நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாக இப்புதுப்பிப்பு நின்றுபோயிருந்தது என்ற செய்தி இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது. தச்சுக்கலை அப்போது யப்பானில் மறைந்துவிடவில்லை. சமுதாய ஏற்பாடே சிதைந்திருந்தது. நக்ககினுக்கோ திருகாணிகள் இருந்தன, ஏற்பாடு முதலிலிருந்தே இருக்கவில்லை.

பாரிசில் 1977 இல் திறக்கப்பட்ட பொம்பிடு நிலையத்தின் கதை வேறு விதமானது. றென்சோ பியானோ, றிச்சட் றொஜர்ஸ் ஆகிய இளைஞர்களின் வடிவம் 681 போட்டியாளரிடையே தெரிவுசெய்யப்பட்டது. கட்டடத்தின் குடலையும் நரம்பையும் வெளியே கொண்டுவந்து, காற்றுக் குழாய்க்கு நீலம், நீருக்குப் பச்சை, மின்சாரத்துக்கு மஞ்சள், மனிதர் செல்லும் வழிகளுக்குச் சிவப்பு என வர்ணம் பூசினர். இதனைக் கேலி செய்தோர் பலர். உண்மையில் வெளிப்பூச்சைவிட முக்கியமானவை இரண்டு: நிலத்தின் பாதியைக் கட்டாது பொதுவெளியாக விட்டமையும், முகப்பில் ஏறும் நகரும் படிக்கட்டில் எவரும் கட்டணமின்றி மேலே சென்று நகரத்தைக் காண விட்டமையும். உள்ளே தூண்களற்ற பரந்த தளங்களை எவ்வாறும் மாற்றியமைக்கலாம் என்றனர். 1985 இல் ஓவியங்களுக்காக நிலையான சுவர்கள் எழுந்தன; 2000 ஆம் ஆண்டின் திருத்த வேலைகளுக்குப் பின்னர் படிக்கட்டில் ஏற நுழைவுச்சீட்டு வேண்டியதாயிற்று. நீலமும் பச்சையும் அப்படியே இருந்தன. உருவம் சற்றும் மாறாமலே உள்ளடக்கம் மாறிவிடக்கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் இலக்கியத்திற்கூடக் கிடைப்பது அரிது. வெளியே உள்ள சதுக்கம் மட்டும் வீதிப் பாடகருக்கும் வழிப்போக்கருக்கும் உரியதாகத் தொடர்ந்தது. 2025 இல் நீண்டகாலத் திருத்தத்துக்காக நிலையம் மூடப்பட்டது.

ஸ்பெயினின் பில்பாவோவில் 1997 இல் பிராங்க் கெரி அமைத்த நூதனசாலை பற்றி இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. விமான வடிவமைப்புக்கெனத் தோன்றிய கணினி முறையைக் கொண்டு தைற்றேனியத் தகடுகளை வளைத்தமை பெருஞ்சாதனையே. ஆயினும் அதன் பின்னர் உலக நகரசபைகள் பலவும் உல்லாசப் பயணிகளைக் கவர்வதற்கெனத் தமக்கும் ஒரு வினோதக் கட்டடம் வேண்டும் என ஓடத் தொடங்கின. புதுமை என்பது விளம்பரப் பலகையின் வேலையைச் செய்யத் தொடங்கிய இடம் அது.

இனி, புகைப்படத்திற் சிறிதும் அழகாகத் தோன்றாத ஒரு புதுமையை நோக்குவோம். வட சிலியின் பாலைவனக் கரையோர நகரான இக்கீக்கேயில், நகர் நடுவே அரை ஹெக்டேயர் நிலத்தில், ஏறத்தாழ 100 குடும்பங்கள் முப்பது ஆண்டுகளாகச் சட்டபூர்வ உரிமையின்றிக் குடிசைகளில் வாழ்ந்து வந்தன. இவர்களை அப்புறப்படுத்தாது அங்கேயே குடியமர்த்தும் பொறுப்பு அலெஹாந்திரோ அரவேனாவின் குழுவிடம் ஒப்படைக்கப்பட்டது. நிலம், வடிகால், வீடு எல்லாவற்றுக்குமாக அரசு வழங்கியது குடும்பமொன்றுக்கு 7,500 அமெரிக்க டொலர். நகர்ப்புறத்து நிலவிலைக்கு அது போதாது. மலிந்த நிலந்தேடி வெளியே சென்றிருந்தால் முழு வீடு கட்டியிருக்கலாம். ஆனால் தொழிலும் பாடசாலையும் நகரிலேயே இருந்தன. ஆகவே நிலத்தைத் தக்கவைத்து, வீட்டிற் பாதியை மட்டும் கட்டினர். குடும்பம் தன்னந்தனியே செம்மையாகச் செய்துகொள்ள இயலாதவையான சமையலறை, குளியலறை, மாடிப்படி, இருபுறச் சுவர், கூரை ஆகியன அந்தப் பாதியில் அடங்கின. வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையே அதே அளவு வெற்றிடம் விடப்பட்டது. 2004 அளவில் குடிபுகுந்த மக்கள் பலகையும் கல்லும் தகரமும் கொண்டு அவ்வெற்றிடங்களைத் தத்தம் வசதிப்படி நிரப்பலாயினர். 36 சதுர மீற்றர் அளவான வீடு அதன் இருமடங்கு வரை வளரக்கூடியதாயிற்று. ஒரே அச்சிலான சாம்பல்நிற வரிசை, சில ஆண்டுகளில் நூறு விதமான சாளரங்களும் நிறங்களும் கொண்ட தெருவாயிற்று. அரவேனாவுக்கு 2016 இல் பிறிற்ஸ்கர் பரிசு கிடைத்தது.

இந்த எண்ணத்துக்கு முன்னோடி உண்டு. 1960களின் பிற்பகுதியில், பேருவின் தலைநகரான லீமாவில், ஐக்கிய நாடுகள் நிறுவனத்தின் துணையுடன் வருமானங் குறைந்தோருக்கான பரீட்சார்த்தக் குடியிருப்புத் திட்டம் ஒன்று ஆரம்பிக்கப்பட்டது. அந்நாட்டுக் கலைஞரோடு வெளிநாட்டுக் குழுக்கள் பதின்மூன்றும் அழைக்கப்பட்டன. பின்னர் வளர்த்துக் கட்டக்கூடிய சிறு வீடே அனைவரிடமும் கேட்கப்பட்டது. 1970களில் ஏறத்தாழ 470 வீடுகள் எழுந்தன. அழைக்கப்பட்ட குழுக்களுள் ஒன்று கிகுத்தாக்கே, மக்கி, குரொக்காவா ஆகிய மூவருடையது. ஆம், நக்ககின் கோபுரத்தை எழுப்பிய அதே குரொக்காவாதான். லீமாவிற் குடும்பங்கள் தமக்கு வேண்டியபடி சுவரை இடித்தன, மேல்மாடி எழுப்பின, முன்னறையைக் கடையாக்கின, மணமான பிள்ளைகளுக்கெனத் தனி வாசல் வைத்தன. மூலக் கலைஞர் இன்னாரென்று கண்டறிய முடியாத அளவுக்கு வீடுகள் பல மாறிப்போயின. அனுசேபவாதிகள் ரோக்கியோவிற் பேசியது லீமாவிலேதான் நடந்தது. அங்கு புதுப்பிப்பைச் செய்தவர் மேசனும், சீட்டுப்போல் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் கல் வாங்கிய குடும்பமுமேயன்றி, தொழிற்சாலையிலிருந்து வந்த மாற்றுச் சிற்றறை அன்று. கட்டடக்கலை வரலாறுகள் ரோக்கியோவுக்குத் தரும் பக்கங்களோடு லீமாவுக்குத் தரும் வரிகளை ஒப்பிட்டால், எத்தகைய புதுமையை நாம் 'புதுமை' என அங்கீகரிக்கின்றோம் என்பது விளங்கும்.

ஆனால் இக்கீக்கேயைப் போற்றுவோர் ஒரு கேள்வியைத் தவிர்த்துவிடலாகாது. வீட்டின் மறுபாதியை யார் கட்டுகின்றார்? பகல் முழுதும் கூலிக்கு உழைத்தவர், ஞாயிற்றுக்கிழமையிற் கூலியின்றிக் கட்டுகின்றார். முழு வீட்டுக்கும் பொறுப்பேற்க வேண்டிய அரசு பாதியோடு விலகிக்கொள்வதற்கு இவ்வடிவம் வசதி செய்துகொடுக்கின்றது என்ற குற்றச்சாட்டு சிலியிலும் வெளியிலும் எழுப்பப்பட்டுள்ளது. இதனை இலகுவில் மறுத்துவிட முடியாது. 7,500 டொலர் என்பது இயற்கை விதித்த எல்லையன்று, ஓர் அரசாங்கம் விதித்த எல்லை. அவ்வெல்லைக்குள் அரவேனா செய்தது திறமையானது. எல்லையையே கேள்விக்குள்ளாக்குவது அவரது வரைபடத்தின் எல்லைக்கு அப்பாற்பட்டது. தமக்குள் பாதி வீட்டையும் நகரையும், முழு வீட்டையும் பாலைவனத்தையும் நிறுத்தி ஒன்றைத் தெரியும்படி மக்களைக் கேட்கும் நிலைமை ஏன் உருவாயிற்று என்பதைக் கட்டடக்கலைஞரிடம் மட்டும் வினவிப் பயனில்லை.

நக்ககின் கோபுரம் கலைக்கப்பட்டபோது 23 சிற்றறைகள் பாதுகாக்கப்பட்டன. அவற்றுளொன்றை 2023 இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நவீன கலை நூதனசாலை பெற்றுக்கொண்டது. கழற்றி வேறிடத்திற் பொருத்துதல் என்ற குரொக்காவாவின் கனவு ஒருவாறு நனவாயிற்று. ஆயினும் அதற்குள் இனி எவரும் உறங்கப் போவதில்லை.