தாதியர் கல்வியில் விளையாட்டின் இடம்

ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்புமாக அமைந்த நாயாறு, 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலையையும், பின்னர் 2009 வரை யுத்தத்தையும் இடப்பெயர்வையும் கண்ட முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்தது. அத்தகைய ஊரின் குழந்தை வைத்தியசாலையில் ஊசியைக் கண்டு அலறுமாயின், அவ்வச்சத்தின் வேர் ஊசியில் மாத்திரமே உளது என்று கொள்ளலாகாது. தான் பிறக்குமுன் நிகழ்ந்த அழிவையும் பெற்றோரின் மௌனத்திலிருந்து அது கற்றிருக்கலாம். உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், முல்லைத்தீவை உள்ளடக்கிய வன்னியின் துயரத்தைத் தனிமனிதர் நோயாக மட்டுமன்றி, ஒரு சமூகம் முழுவதன் காயமாகவும் ஆராய்ந்ததன் தாற்பரியமும் இதுவே.

இக்காயத்தை அறிந்து அளிக்கும் பராமரிப்பை, பொம்மையும் கட்டுத்துணியும் ஊசியற்ற சிரிஞ்சும் கொண்டு, தாதிய மாணவியர் மாறிமாறிக் குழந்தையாகவும் தாதியாகவும் விளையாடிப் பயிலும் முறை போற்றத்தக்கது. விரிவுரையில் கேட்ட தத்துவம் பரீட்சையோடு கழிந்துபோதல் கூடும். ஆனால், தானே குழந்தையாகப் படுத்திருந்து, அனுமதி கேளாமல் தன் கையைப் பற்றும் பிறரின் பலத்தை உணர்ந்த மாணவி, பின்னாளில் ஒரு சிறுகையைத் தொடுமுன் கணநேரமேனும் தயங்குவாள். விளையாட்டின் ஆற்றலுக்கு நம் நாட்டிலேயே சாட்சியம் உண்டு: மட்டக்களப்பில் 1996 இல் தோன்றிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, போரால் நொந்த தமிழ், முஸ்லிம் சிறுவர்களைக் களிமண்ணாலும் வர்ணத்தாலும் கதையாலும் ஒருங்கே அரவணைத்தது.

எனினும் இம்முறைக்குக் குறைகளும் உள. சிரட்டையிலும் சோகியிலும் ஈரமணலிலும் விளையாடி வளர்ந்த பிள்ளைக்குக் கடையில் வாங்கிய பொம்மைப்பெட்டி அந்நியமாகலாம். விளையாட்டை வியாஜமாகக் கொண்டு குழந்தையின் இரகசியத்தைத் துருவுவது விசாரணையேயன்றிச் சிகிச்சையாகாது. தாயைப் பிரிந்து வைத்தியசாலையில் தங்கும் குழந்தையின் வேதனையை 1952 இலேயே பிரித்தானிய ஆய்வாளர் ஜேம்ஸ் ராபர்ட்சன் திரைப்படமாக்கிக் காட்டினார். தாயை விடுதிக்கு வெளியே நிறுத்திவிட்டுப் பொம்மையை உள்ளே கொணர்வதால் பயன் யாது? இவை எல்லாவற்றிலும் பெரிய குறை, கற்பவளை மறத்தல். வன்னியிற் பிறந்த மாணவியர் பலர் தம் பாலியத்தையே முகாம்களில் கழித்தவர். அடிபட்ட குழந்தையாக நடிக்கும்படி அத்தகையவளை ஏவுவது, பழைய புண்ணைக் கீறுவதாகவும் முடியலாம்.

ஆதலின், விளையாட்டுப் பயிற்சி தாதியர் கல்வியில் நிலைபெறவேண்டும். ஆனால் நடிக்க மறுக்கும் உரிமை மாணவிக்கும், விளையாட மறுக்கும் உரிமை குழந்தைக்கும், அருகிருக்கும் உரிமை தாய்க்கும் அளிக்கப்படல் வேண்டும். இம்மூன்றும் இல்லாவிடத்து அம்முறை பாடத்திட்டத்தின் அலங்காரமாகவே எஞ்சும்.