முறத்தில் எழுதிய முகம்

சென்ற அக்டோபர் 31ஆம் தேதி அரக்கோணத்தில் ஓர் ஆங்கிலவழிப் பள்ளியில் ஹாலோவீன் கொண்டாடினார்கள். குழந்தைகளைப் பயமுறுத்தும் வேடத்தில் அனுப்ப வேண்டும், அலங்காரப் பொருள்களைக் கடையில் வாங்காமல் வீட்டிலேயே செய்து தர வேண்டும் என்று சுற்றறிக்கை. எங்கள் தெருப் பையன் ஒருவன் நாலாம் வகுப்பு. அவன் அப்பா மாசி மாதம் மயானக் கொள்ளையில் காளி வேடம் கட்டுகிறவர். அவருடைய தகர நாக்கையும் அட்டைக் கைகளையும் கட்டிக்கொண்டு, முகத்தில் மஞ்சளும் சிவப்பும் பூசிக்கொண்டு பையன் போனான். வாசலிலேயே நிறுத்தி முகத்தைக் கழுவித்தான் உள்ளே விட்டார்கள். குப்பைப் பையில் வெட்டிய வௌவால், காகித எலும்புக்கூடு, மைதா மாவு அப்பிய பேய் எல்லாம் உள்ளே போய்விட்டன. "இது சாமி வேஷம்ப்பா, இங்க இதெல்லாம் கூடாது" என்று சொன்னார்களாம்.

அவன் அப்பாவிடம் கேட்டேன். "பயமா வரணும்னுதான சார் எய்தியிருந்தாங்கோ? பயமாத்தான் போனான். அவுங்களுக்கு மெய்யாலுமே பயம் வந்துட்ச்சி, அதான்" என்றார்.

தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு உரையெழுதும் வியாதி போகாது. அவர் சொன்னதற்கான உரைதான் இது.

நம் வட்டாரத்தில் இதற்கு இரண்டு பதில்கள் எப்போதும் தயாராக இருக்கின்றன. முதலாவது, பண்பாட்டுப் படையெடுப்பு. தோழர்கள் இதைச் சொல்லி முடித்ததும் டீ குடிக்கப் போய்விடலாம். ஆனால் ஹாலோவீன் அமெரிக்க முதலாளியின் மூளையில் உதித்ததல்ல. அயர்லாந்தின் குடியானவர்கள் அறுவடை முடிந்து குளிர் தொடங்கும் நாளில், செத்தவர்கள் திரும்பி வருகிறார்கள் என்று தீ மூட்டிய சௌவின் விழாதான் அதன் வேர் என்கிறார்கள். டர்னிப் கிழங்கைக் குடைந்து முகம் செய்து விளக்கு வைத்தார்கள். 1840களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் பிழைக்கப்போன ஐரிஷ் ஏழைகள் அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பூசணி மலிவாகக் கிடைத்தது. சந்தை பிற்பாடுதான் வந்து உட்கார்ந்தது. பூசணியில் முகம் என்பது நமக்கும் புதிதல்ல. கட்டி முடியாத வீட்டின் முன்னால் கோரப்பல்லும் முறுக்கு மீசையுமாகத் தொங்குகிற திருஷ்டிப் பூசணியை யார் வெள்ளைக்காரனிடமிருந்து கற்றார்கள்? ஆயுத பூஜைக்கு மறுநாள் அரக்கோணம் தெருக்களில் குங்குமம் தடவிய பூசணிச் சிதறல்களைத் தாண்டித்தான் சைக்கிள் ஓட்ட வேண்டும்.

இரண்டாவது பதில் கொஞ்சம் படித்தவர்களுடையது: கார்னிவல். மிகயில் பக்தினை நம் சிறுபத்திரிகைகள் தொண்ணூறுகளில் உற்சாகமாக ஏற்றுக்கொண்டன. தலைகீழாக்கம், கொண்டாட்டம், உடலின் கலகம். மயானக் கொள்ளைக்கு இது கச்சிதமாகப் பொருந்துவதுபோல் தெரியும். சிவராத்திரியை ஒட்டிய மாசி அமாவாசையில் அங்காளம்மன் ஊர்வலமாகச் சுடுகாட்டுக்குப் போகிறாள். வேப்பிலைப் பாவாடை, முறத்தில் எழுதிய முகம், உடம்பெங்கும் கொக்கியில் தொங்கும் எலுமிச்சம்பழம், வாயில் கடித்த கோழி. பிரமன் தலையைக் கொய்த சிவனின் கையில் ஒட்டிக்கொண்ட கபாலம், அம்மன் சுடுகாட்டில் இறைத்த சோற்றுக்கு ஆசைப்பட்டுக் கீழே இறங்க, அவள் அதை மிதித்தாள் என்பது கதை. மேல்மலையனூரில் இதற்குப் பூசாரிகள் செம்படவர்கள்; பிராமணர்கள் அல்ல. கொழுக்கட்டையும் சுண்டலும் காசும் இறைபட ஜனங்கள் அள்ளுகிறார்கள்.

ஆனால் கொள்ளை நடப்பது எந்தச் சுடுகாட்டில்? நம் ஊர்களில் பெரும்பாலும் சுடுகாடு ஒன்றல்ல, இரண்டு. ஊர்வலம் எந்தத் தெருவுக்குள் நுழையும், எந்த முனையோடு திரும்பிவிடும்? தெய்வமாக வேடம் கட்டியவருக்கு மறுநாள் கழுவுவதற்கு ஒரு முகம் இருக்கிறது. முன்னால் பறையடித்துப் போகிறவருக்கு வேடமே கிடையாது; அன்றைக்கும் அவர் அவராகத்தான் போகிறார். பறை அடிமைத்தொழிலின் அடையாளம், விட்டுவிடு என்றும், அது நம் கலை, கையிலெடு என்றும் தலித் இயக்கத்துக்குள் நடந்த விவாதத்தைக் கார்னிவல் வாசிப்பு காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. எல்லாவற்றையும் கொண்டாட்டம் என்று வாசித்துவிடுவதும் ஒருவகையில் வாசலில் நிறுத்தி முகத்தைக் கழுவுவதுதான்.

பள்ளி எதைக் கண்டு பயந்தது? மைதா மாவுப் பேய்க்குப் பெயர் கிடையாது. நம் பேய்கள் அப்படியல்ல. பேய் பிடித்த பெண்ணை உட்கார வைத்து உடுக்கை அடிப்பவர் கேட்கும் முதல் கேள்வியே "நீ யாரு, எந்த ஊரு, எப்டி செத்த?" என்பதுதான். தென்னாற்காட்டுப் பகுதியில் ஆய்வு செய்த இசபெல் நபோகோவ் 2000இல் வந்த தம் நூலில், இளம்பெண்களைப் பிடிப்பவை பெரும்பாலும் காதல் கைகூடாமல் தற்கொலையிலோ விபத்திலோ செத்த ஆண்களின் பேய்கள் என்பதைக் காட்டுகிறார். அதாவது பேய்க்கு முகவரி இருக்கிறது. சாதியும் இருக்கிறது. அது பதில் சொல்லத் தொடங்கினால் ஊரில் யார் யார் தலைகுனிய வேண்டியிருக்கும் என்பது கேட்கிறவர்களுக்குத் தெரியும். 2021 ஏப்ரலில் அரக்கோணத்தை அடுத்த சோகனூரில் இரண்டு தலித் இளைஞர்கள் கொல்லப்பட்டார்கள். இந்த வட்டாரத்தில் செத்தவர்களைப்பற்றிய பயம் அக்டோபர் மாத அலங்காரம் அல்ல.

அரசுக்கும் இந்தக் கழுவும் வேலை பழக்கம்தான். 1950ஆம் ஆண்டின் உயிர்ப்பலித் தடைச் சட்டத்தை 2003இல் தூசிதட்டி எடுத்து, கிராமக் கோயில்களில் ஆடு கோழி வெட்டக் கூடாது என்றார்கள். எதிர்ப்பு வலுத்ததும் 2004இல் சட்டத்தையே ரத்து செய்தார்கள். வாயில் கோழியைக் கடிப்பதை நான் பரிந்து பேசவில்லை. எனக்கும் அதைப் பார்க்க முடியவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் நின்றேன். என் கேள்வி, அருவருப்பைச் சட்டமாக்கும் அதிகாரம் எப்போதும் ஏன் ஒரே தெருவிலிருந்து வருகிறது என்பதுதான்.

பள்ளியிலிருந்து அட்டைக் கைகள் திரும்பி வந்தன. தகர நாக்கு வரவில்லை, எங்கே போட்டார்களோ. மாசிக்கு முன்னால் ஓர் எண்ணெய் டின்னை வெட்டி அவன் அப்பா புதிதாக ஒன்று செய்தார். சிவப்பு பெயிண்ட் அடித்தது பையன்.