முதுகில் ஒரு கொல்லைத் தோட்டம்

கென்ட்ரோஃபோரஸுக்கு வாய் கிடையாது. பள்ளியில் பாரமீசியம் வரைந்து, வாய்க்குழிக்கு அம்புக்குறி போட்டுப் பெயர் எழுதியவர்களுக்கு இது திகைப்பாக இருக்கும். இதுவும் அதே குற்றிழை உயிரிகளின் கூட்டம்தான், ஒரே செல்தான். கடலடி மணலில், பருக்கைகளுக்கு நடுவிலுள்ள ஈரச் சந்துகளில் மெல்லிய நாடாவாக நெளிந்து திரிகிறது. 1928இல் சாவர்பிரை என்ற ஆய்வாளர் இதற்குப் பெயரிட்டார். கிரேக்க மொழியில் 'முள் சுமப்பது' என்று பொருள்.

அந்த முட்கள் பாக்டீரியாக்கள். நாடாவின் வயிற்றுப்பக்கம் குற்றிழைகள் நிறைந்தது. ஊர்ந்து போவது அவற்றால். முதுகில் கோல் வடிவப் பாக்டீரியாக்கள் ஒரே அடுக்காக, நாற்றங்காலில் நாற்று நிற்பதுபோல் நெருக்கமாக, நெட்டுக்குத்தாக நிற்கின்றன. கந்தகத் துகள்களை உள்ளே சேர்த்து வைத்திருப்பதால், இருண்ட பின்னணியில் வைத்துப் பார்த்தால் உயிரியே வெள்ளை வெளேரென்று தெரியும். சில இனங்களுக்கு இந்த இடமும் போதவில்லை. முதுகைப் புடவைக் கொசுவம்போல் மடித்து மடித்துப் பரப்பைக் கூட்டிக்கொண்டிருக்கின்றன!

மணலின் ஆழத்திலிருந்து அழுகிய முட்டை வாடையுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு வருகிறது. மேலிருந்து ஆக்சிஜன் வருகிறது. பாக்டீரியாவுக்கு இரண்டும் வேண்டும். இரண்டும் சந்திக்கும் மண்டலத்துக்கு அதைச் சுமந்துபோகிறது இந்த உயிரி. பசிக்குத் தன் முதுகுப் பரப்பாலேயே பாக்டீரியாக்களை உள்ளே இழுத்துச் செரித்துக்கொள்கிறது. ஃபென்செல், ஃபின்லே இருவரும் 1989இல் இதை வீட்டுக் காய்கறித் தோட்டம் என்றே வருணித்தார்கள். கொல்லையில் கீரை பறித்துக் குழம்பு வைக்கும் வீட்டை அறிந்த நமக்கு, இதைவிடப் பொருத்தமான பெயர் தேவையில்லை.

எனக்கு மிகவும் பிடித்த நுட்பம் வேறொன்று. கோல் வடிவப் பாக்டீரியா பொதுவாகக் குறுக்கே பிரிந்து இரண்டாகும். இங்கே அப்படிப் பிரிந்தால் மேல்பாதிக்கு ஊன்ற இடமில்லாமல் போகும். அதனால் மூங்கிலைப் பிளப்பதுபோல் நீளவாக்கில் பிரிகிறது. இரண்டு பாதிகளுக்கும் முதுகில் கால் ஊன்ற இடம் கிடைக்கிறது. ஒரு வகிர்வு எந்தத் திசையில் போகிறது என்பதில் எத்தனை பெரிய காரியம் அடங்கியிருக்கிறது பாருங்கள்.

செல்லின் உள்ளேயும் இதற்கு ஈடான ஓர் அழகு உண்டு. குற்றிழை உயிரிகளுக்குப் பெரு உட்கரு, சிறு உட்கரு என இரண்டு வகை உட்கருக்கள். பாரமீசியத்தின் பெரு உட்கரு மரபுப்பொருளைப் பல மடங்கு பெருக்கி வைத்திருக்கும். செல் பிரியும்போது தானும் இரண்டாகப் பிரியும். கென்ட்ரோஃபோரஸ் சேர்ந்த குழுவில் பெரு உட்கரு பிரிவதே இல்லை. செல் பிரியும்போது பழைய பெரு உட்கருக்களைச் சேய்கள் அப்படியே பங்கு போட்டுக்கொள்ளும். குறைவதை ஈடுகட்ட, சிறு உட்கரு பிரிந்து, அந்தப் பிரிவுகளில் சில புதிய பெரு உட்கருக்களாக வளரும். பிரியாத பழையதும் இப்போதுதான் வளர்ந்த புதியதும் ஒரே செல்லுக்குள் அருகருகே இருக்கின்றன.