எட்டுக் கயிறு, எட்டுப் பேர்

நம் ஊர்களில் சர்ச் மணி அடிப்பது ஒருவர் வேலை. கோவில் பிள்ளையோ உபதேசியாரோ கயிற்றை இழுப்பார். அவர் வெளியூர் போயிருந்தால் கையில் கிடைத்த பையன் இழுப்பான். இங்கிலாந்தில் அதே வேலைக்குச் சங்கம் இருக்கிறது. வாரம் ஒரு மாலை கூடிப் பயிற்சி எடுக்கிறார்கள். ஆண்டுக்கொரு பொதுக்கூட்டம் போட்டுத் தலைவரையும் செயலாளரையும் தேர்ந்தெடுக்கிறார்கள், கணக்குப் படிக்கிறார்கள். 1637இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் லண்டன் காலேஜ் யூத்ஸ் சங்கம் இன்றும் நடக்கிறது. ராஜகுளம், உத்திரமேரூர்ப் பக்கத்தில் இருந்துகொண்டு அந்த வழக்கத்தை எடைபோட எனக்குக் காரணம் உண்டு. நம் மணிக்கூண்டுகளில் கயிறு பிடிக்க ஆள் குறைந்துகொண்டே வருகிறது.

அவர்களுடைய மணி நம்முடையதைப் போல நாக்கில் கயிறு கட்டி ஆட்டுவதல்ல. முழுச் சக்கரத்தோடு பொருத்தியிருக்கும். அடிக்குமுன் மெல்ல மெல்ல ஆட்டி, வாய் வானத்தைப் பார்க்கும்படி மணியைத் தலைகீழாக நிறுத்துவார்கள். ஒரு இழுப்புக்கு ஒரு முழுச் சுற்று. மறுபடி தலைகீழாக நின்று, அடுத்த இழுப்புக்கு எதிர்ப்பக்கம் சுற்றும். கயிற்றில் ஓரிடத்தில் கம்பளி நூலைத் தடிமனாகச் சுற்றியிருப்பார்கள். அதைப் பிடிப்பதும் சரியான நொடியில் விடுவதும்தான் வித்தை. விடத் தவறினால் கயிறு ஆளையே மேலே தூக்கிவிடும். ஒரு டன் மணியைச் சின்னப் பெண் அடிக்கலாம், பலசாலி தடுமாறலாம்.

இப்படிச் சுற்றும் மணியை நினைத்த நேரத்தில் ஒலிக்க வைக்க முடியாது என்பதால் பாட்டு வாசிக்க இயலாது. அதற்குப் பதிலாக வரிசையை மாற்றுகிறார்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு மணி ஒரே ஒரு இடம்தான் முன்னோ பின்னோ நகரலாம். எந்த வரிசையும் திரும்ப வரக்கூடாது. ஏழு மணிகளுக்கு 5040 வரிசை, அடித்து முடிக்க ஏறக்குறைய மூன்று மணி நேரம். எட்டு மணிகளுக்கு 40,320. 1963 ஜூலையில் லஃப்பரோ மணி வார்ப்புச் சாலையில் எட்டுப் பேர் ஆள் மாற்றாமல் அதை 17 மணி நேரம் 58 நிமிடத்தில் அடித்து முடித்தார்கள். தாளைப் பார்த்து அடிப்பது வழக்கமில்லை; எல்லாம் மனப்பாடம்.

அவர்களுடைய ஆண்டும் இந்தக் கயிறுகளைச் சுற்றியே போகிறது. டிசம்பர் 31 இரவு மணி நாக்கின் ஒரு பக்கத்தில் தோலுறை கட்டுவார்கள். ஒரு அடி உரக்கக் கேட்கும், மறு அடி தூரத்திலிருந்து வருவதுபோல் மங்கிக் கேட்கும். பன்னிரண்டு அடித்ததும் உறையைக் கழற்றி முழுக்குரலில் புத்தாண்டை வரவேற்பார்கள். புனித வாரத்தில் பல கூண்டுகள் மௌனம். கோடையில் கல்யாணங்கள், ஒரு சனிக்கிழமை வேன் பிடித்து அயலூர்க் கோபுரங்களுக்குப் பயணம், தப்படிகளை நடுவர்கள் எண்ணும் போட்டி. நவம்பரில் போரில் இறந்தவர்களுக்காக மறுபடியும் தோலுறை.

இந்த வழக்கத்தின் பெரிய பலம், தனியாளால் இதைச் செய்ய முடியாது என்பதே. எட்டாவது ஆள் இல்லையென்றால் எட்டாவது மணி ஊமை. அதனால் புதியவருக்குச் சொல்லிக்கொடுப்பது சங்கத்துக்குத் தர்மம் அல்ல, பிழைப்பு. முதல் உலகப் போரில் மணியடிப்பவர்கள் சுமார் 1400 பேர் மாண்டார்கள். போர் முடிந்ததன் நூற்றாண்டு நிறைவான 2018இல் அதே எண்ணிக்கையில் புதியவர்களைச் சேர்க்க இயக்கம் நடத்தினார்கள். கடவுள் நம்பிக்கை இல்லாதவருக்கும் கயிறு கொடுக்கிறார்கள். இதை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் குறைகள் சின்னவை அல்ல. மணி அடித்துவிட்டு ஆராதனை தொடங்குமுன் இறங்கிப் போய்விடுகிறார்கள் என்ற புகார் பாதிரியார்களிடம் வெகுகாலம் இருந்தது. கூண்டுக்குள் பீர்ப் பீப்பாய் வைத்துக் குடித்த காலமும் உண்டு. அதைத் திருத்த 19ஆம் நூற்றாண்டில் ஒரு சீர்திருத்தமே வேண்டியிருந்தது. பெண்கள் தங்களுக்கென 1912இல் தனிச் சங்கம் தொடங்க வேண்டியதாயிற்று. இவற்றையெல்லாம் விட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு: மூன்று மணி நேரம் கேட்டாலும் கீழே நிற்கும் ஊர்க்காரருக்கு அந்த ஒலி எதையும் சொல்வதில்லை. வரிசையின் அழகு அடிப்பவருக்கே தெரியும். ஆணுக்கு ஒன்பது அடி, பெண்ணுக்கு ஆறு என்று சாவை அறிவித்த அவர்களுடைய பழைய முறையும் பெரும்பாலும் மறைந்துவிட்டது.

இங்கே நம் ஒற்றை மணிக்கு வலு அதிகம். மூவேளைச் செபத்துக்கு மும்மூன்றாக விழும் அடி வயலில் நிற்பவருக்கும் புரியும். விட்டு விட்டு மெல்ல விழும் துக்க மணி கேட்டால் வாசலுக்கு வந்து ‘யாரு?’ என்று கேட்காதவர் இல்லை. பெரிய வியாழன் இரவு அடங்கும் மணி பாஸ்கா இரவில் மறுபடி ஒலிக்கையில் அந்த இரண்டு நாள் மௌனத்தின் கனம் தெரியும். சேதி இருக்கிறது, அதைச் சுமக்கும் கூட்டம்தான் இல்லை. ஆகவே மின்சுத்தியலும் ஒலிபெருக்கிப் பதிவும் வந்துவிட்டன. பதிவு நேரம் தவறாது, உண்மைதான். யார் வீட்டில் சாவு என்று அதற்குத் தெரியாது.

அதற்காக இங்கிலாந்து மணிகளை அப்படியே கொண்டுவரச் சொல்லவில்லை. புனேயில் பஞ்ச் ஹௌட் தேவாலயத்துக்கு 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே லஃப்பரோவில் வார்த்த எட்டு மணிகள் வந்தன. நாடெங்கும் அந்தக் கலை பரவவில்லை. எடுத்துக்கொள்ள வேண்டியது முறை வைத்துப் பொறுப்பைப் பகிர்வதுதான். அது நமக்குப் புதிதுமல்ல. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டின்படி ஊர்ச் சபையின் வாரியத்துக்குக் குடவோலையால் ஆள் எடுத்தார்கள். 360 நாளில் பதவி முடியும். கடந்த மூன்றாண்டுக்குள் இருந்தவரும் கணக்குக் காட்டாதவரும் போட்டிக்கு வர முடியாது. நிலமும் வேதப் படிப்பும் இல்லாதவரை, பெண்களை அது வெளியே நிறுத்தியதும் உண்மை. இந்த இடத்தில் பழைய இங்கிலாந்துச் சங்கமும் நம் பழைய ஊர்ச் சபையும் ஒரே தப்பைச் செய்தன.

ஒரு கூண்டுக்கு ஆறு பேர் போதும். ஆளுக்கு ஒரு கிழமை, ஞாயிறு எல்லோரும். மூவேளை மணியை இயந்திரத்திடம் விட்டாலும் துக்க மணியைக் கையால்தான் அடிக்க வேண்டும். மறைக்கல்வி வகுப்பிலேயே கயிறு பிடிக்கச் சொல்லிக்கொடுக்கலாம். அதைப் பெண் பிள்ளைகளிடமிருந்து தொடங்குங்கள். எங்கள் பக்கத்தில் ஒரு பெண் மணியடித்து நான் பார்த்ததே இல்லை.