அசல் சான்றிதழை உள்ளே விடாதீர்கள்

அக்கா அரசுத் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு ஆசிரியை. 2022-இல் அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ கற்றல் திட்டம் வந்த பிறகு அவர் வகுப்பில் அட்டை இல்லாத நாளே கிடையாது. எழுத்து அட்டை, எண் அட்டை, பட அட்டை. முப்பது பிள்ளைகள் கை பட்டால் ஒரு மாதம்கூடத் தாங்காது. ஓரம் பிய்ந்து, நடுவில் மடிந்து, எண்ணெய்க் கறையோடு திரும்பி வரும். ஜெராக்ஸ் கடையில் ஏ4 தாள் ஒன்றை லேமினேட் செய்ய 30 ரூபாய். அக்காவிடம் அறுபது தாள் இருந்தது. “பேசாம மெஷினையே வாங்கிடலாம்டா தம்பி” என்றார். 2,300 ரூபாய்க்கு ஏ4 அகல மெஷின், 600 ரூபாய்க்கு நூறு பவுச். மூன்று மாதமாக என் மேசையில்தான் இருக்கிறது.

செருப்புப் பெட்டி அளவுதான். ஸ்விட்சைப் போட்டால் சிவப்பு விளக்கு. நான்கைந்து நிமிடத்தில் பச்சை. பச்சை வந்ததும் அவசரப்படாமல் இன்னும் இரண்டு நிமிடம் விடுங்கள், ரோலர் முழுக்க ஒரே சூடு ஏறட்டும். பவுச் என்பது ஒரு பக்கம் மட்டும் ஒட்டிய இரண்டு பிளாஸ்டிக் தாள்கள். வெளிப்புறம் பாலியெஸ்டர், சூட்டுக்கு அசையாது. உட்புறம் ஈவிஏ என்ற பசை, சூடு பட்டதும் இளகித் தாளின் இழைக்குள் இறங்கிவிடும். இந்த மெஷினின் பலமும் ஆபத்தும் இந்தப் பசையில்தான் இருக்கிறது.

முதல் அட்டையை விட்டபோது பக்கத்திலேயே குனிந்து பார்த்தேன். ஒட்டிய ஓரம் முன்னால் போக வேண்டும். ரோலர் அதை மெல்லக் கவ்வி இழுக்கிறது. ஒரு தாள் உள்ளே போய் வெளியே வர ஒரு நிமிடம். உள்ளே போகும்போது பவுச் லேசாகப் பால் படர்ந்த மாதிரி மங்கல். பின்னால் வரும்போது அந்த மங்கல் காணவில்லை. அக்கா வரைந்த மாம்பழத்தின் மஞ்சள், ஈரம் பட்டது போல் பளிச்சென்று எழுந்து நின்றது. வந்த சூட்டில் தாள் துவண்டிருக்கும். கையில் தூக்கிப் பார்க்காமல் சமதளத்தில் வைத்து, மேலே ஒரு கனமான புத்தகத்தை வையுங்கள். ஆறும்போது எந்த வடிவில் இருக்கிறதோ அந்த வடிவிலேயே நின்றுவிடும். ஆறிய பிறகும் மங்கல் இருந்தால் சூடு போதவில்லை, இன்னொரு முறை விடலாம். அலை அலையாக நெளிந்தால் சூடு கூடிவிட்டது, அதைச் சரிசெய்ய முடியாது.

பவுச் வாங்கும்போது தடிமன் எத்தனை மைக்ரான் என்று பாருங்கள். 125 என்றால் ஒரு பக்கம் மட்டும் 125. இரண்டு பக்கமும் சேர்ந்தால் 250. பிள்ளைகள் கைக்கு 125 சரி, சுவரில் ஒட்டும் அறிவிப்புக்கு 80 போதும். உங்கள் மெஷின் எது வரை தாங்கும் என்பது அதன் அடியிலேயே எழுதியிருக்கும்.

பவுச்சை மிச்சம் பிடிக்க நினைத்து ஒன்றைக் குறுக்கே வெட்டி, ஒட்டாத பாதியை உள்ளே விட்டேன். முன் ஓரம் பிளந்து, பசை ரோலரில் சுற்றிக்கொண்டது. பின்னால் இருக்கும் நெம்புகோலை அழுத்தினால் ரோலர் பிடி தளரும்; அப்படித்தான் இழுத்து எடுத்தேன். பிறகு வெறும் அட்டைத் தாளை ஐந்தாறு முறை விட்டு, மிச்சப் பசையைத் துடைத்தேன். சின்ன அட்டைகளை வெட்டிய பிறகும் சுற்றி மூன்று மில்லிமீட்டர் வெறும் பிளாஸ்டிக் இருக்க வேண்டும். அது இல்லையென்றால் ஓரத்தில் தண்ணீர் இறங்கும். மூலையை வளைத்து வெட்டிவிடுங்கள். கூர்முனை பிள்ளைகள் கையைக் கிழிக்கும்.

ஏடிஎம் சீட்டு, கடை பில் போன்ற தெர்மல் தாளை விடவே கூடாது. அந்தத் தாளில் எழுத்து வருவதே சூட்டால்தான். ரோலர் சூடு பட்டதும் தாள் முழுக்கக் கறுத்துவிடும்.

அதைவிட முக்கியமானது அசல் சான்றிதழ். நம் ஊரில் மார்க் ஷீட் கைக்கு வந்த அன்றே லேமினேஷன் கடைக்கு ஓடுவோம். என் பிளஸ் டூ மார்க் ஷீட்டுக்கும் அதுதான் நடந்தது. பல வருடம் கழித்து ஓர் அலுவலகத்தில் பின்பக்கம் முத்திரை வைக்க வேண்டியிருந்தபோது, பிளாஸ்டிக் மேல் வைக்க முடியாது என்று திருப்பித் தந்தார்கள். ஓரத்தைப் பிரித்துப் பார்த்தேன். பிளாஸ்டிக்கோடு எழுத்தும் சேர்ந்து உரிந்து வந்தது. தாள் இரண்டு படலமாகப் பிளந்தது. இளகிய பசை தாளுக்குள் இறங்கிவிட்டது, அதை வெளியே எடுக்க வழியில்லை. வெளிநாட்டுப் படிப்புக்கோ வேலைக்கோ போகிறவர்களுக்கு இது இன்னும் பெரிய தொல்லை. ஆவணத்தை வெளிநாட்டில் செல்லுபடியாக்கும் அப்போஸ்டில் சான்று தாளில்தான் பதிய வேண்டும்.

ஆவணக் காப்பகங்களில் பழைய தாளைக் காக்க வேறு முறை வைத்திருக்கிறார்கள். இரண்டு பாலியெஸ்டர் தாள்களுக்கு நடுவே ஆவணத்தைப் பசையில்லாமல் வைத்து, ஓரத்தை மட்டும் மூடுவார்கள். வேண்டும்போது ஓரத்தை வெட்டினால் ஆவணம் அப்படியே வெளியே வரும். வீட்டில் அசலுக்கு ஒரு நல்ல பாலிபுரொப்பிலீன் உறை போதும். பத்திரம், பட்டா, டிசி, பழைய புகைப்படம் எல்லாம் அந்த உறைக்குப் போகட்டும். மெஷினுக்கு நகல் போகட்டும். இ-ஆதார் அச்சுப்படி செல்லும் என்று ஆதார் ஆணையமே சொல்லியிருப்பதால், அதைத் தயங்காமல் லேமினேட் செய்யலாம். கெட்டால் இன்னொன்று அச்சிட்டுக்கொள்ளலாம்.

வருடத்துக்கு நாலு தாள் உள்ள வீட்டுக்கு இந்த மெஷின் வேண்டாம், கடையே போதும். ஆசிரியர், அங்கன்வாடி, சின்ன உணவகம், டியூஷன் நடத்துகிறவர்கள் தாராளமாக வாங்கலாம்.

போன வாரம் அக்கா வகுப்புக்குப் போயிருந்தேன். ஒரு சிறுமி, புள்ளியிட்ட ‘மா’ மேல் ஒயிட்போர்டு மார்க்கரால் எழுதி, துணியால் துடைத்து, மறுபடி எழுதிக்கொண்டிருந்தாள். நான் பார்க்க ஏழெட்டு முறை துடைத்திருப்பாள். அட்டையில் மாம்பழம் அப்படியே மஞ்சளாக இருந்தது.